மலையில் ஓர் அறை எதற்கு? தங்கி ஆய்வு செய்யும் நல்கைகள் பற்றிக் கடற்கரையிலிருந்து ஓர் இழை

9 பிப்ரவரி 2025

கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே தருகிறேன்.

"அக்கா, சங்கு குளிக்கிறவர்களைப் பற்றி முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் இருக்கிறேன். ஏதாவது ஓர் ஆய்வு நிறுவனத்தில் போய்த் தங்கி எழுது, ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பி என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் ஆட்கள் கடலில் இருக்கிறார்கள். என் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மலை உச்சியில் ஓர் அறையில் உட்கார்ந்து நான் என்ன செய்ய? அதெல்லாம் டெல்லிக்காரர்களுக்கும் இங்கிலீஷ் சரளமாக வருகிறவர்களுக்கும் செய்து வைத்த ஏற்பாடு. சரிதானே?"

பாதி சரி தம்பி. மீதிப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. அம்மா கடல்பாசி எடுக்கிறவர். என் ஆய்வும் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியதுதான். 2013, 2014, 2015 என மூன்று மே மாதங்கள் சிம்லாவில் உள்ள இந்திய உயராய்வு நிறுவனத்தில் தங்கினேன். கல்லூரி ஆசிரியர்களுக்கென்று அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று முறை, முறைக்கு ஒரு மாதம். ராமேசுவரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னையில் வண்டி மாறி, டெல்லி, கால்கா, அங்கிருந்து 1903-இல் போட்ட அந்தச் சின்ன ரயில் பாதை. போய்ச் சேர்ந்த முதல் நாள் இரவு, மே மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு, இங்கே எனக்கு என்ன வேலை என்று நானும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன்.

அங்கே கிடைப்பது இவ்வளவுதான்: ஓர் அறை, சாப்பாடு, நூலகம், ஒரு தொகை. பதிலுக்கு அங்கேயே இருக்க வேண்டும், எழுத வேண்டும், ஒரு நாள் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து எழுதியதைப் பேச வேண்டும். வருகைப் பதிவேடு கிடையாது, விடைத்தாள் கட்டு கிடையாது. ஒரு பத்தியை மூன்று நாள் வைத்துத் திருத்தலாம். 16 வருட வேலையில் அந்த மூன்று மாதங்களில்தான் எனக்கு அது நடந்தது.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது களப்பணியை முடித்தவர்களுக்கு உரியது. தகவல் சேகரிக்கிற நேரத்தில் போகாதீர்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து பிரியுங்கள்.

10 பிப்ரவரி 2025

தொடங்கிய ஆண்டைக் கேட்ட ஒருவருக்குத் தனியாக 1965 என்று பதில் போட்டேன். திருத்திக்கொள்ளுங்கள். சிம்லா நிறுவனம் பதிவானது 1964-இல். திறப்பு விழாதான் 1965 அக்டோபரில். அதற்கு வித்திட்டவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். கட்டடம் அதைவிடப் பழசு. 1888-இல் வைசிராய்க்காகக் கட்டிய மாளிகை. 1945 சிம்லா மாநாடு நடந்ததும் அங்கேதான். வைசிராயின் நடனக்கூடம் இருந்த இடத்தில் இப்போது புத்தக அலமாரிகள் நிற்கின்றன. அந்த மரச்சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை என்று எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

16 பிப்ரவரி 2025

நிறையப் பேர் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐசிஎஸ்எஸ்ஆர், அதாவது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, தருகிற முனைவர் பட்ட உதவித்தொகை இந்த வகையில் சேராது. 1969-இல் தொடங்கிய அந்தக் குழு நம் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு உங்கள் பல்கலைக்கழகத்தில் உங்கள் நெறியாளரின் கீழேதான் இருப்பீர்கள். நான் பேசுவது ஊரைவிட்டுப் போய்த் தங்குகிற நல்கை.

அதிலும் பல அளவு உண்டு. சிம்லாவில் முழு ஃபெலோவாகப் போனால் இரண்டு ஆண்டுகள் வரை இருக்கலாம். முடிவில் ஒரு நூலின் கைப்பிரதியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் ராக்பெல்லர் அறக்கட்டளை நடத்தும் பெல்லாஜியோ இல்லத்தில் ஏறக்குறைய ஒரு மாதம்தான். பெர்லினில் 1981-இல் தொடங்கிய விஸ்ஸன்ஷாஃப்ட்ஸ்கோலெக் என்ற உயராய்வு நிறுவனம் ஒரு கல்வியாண்டு முழுக்க வைத்துக்கொள்ளும். குடும்பத்தோடும் போகலாம். நெதர்லாந்தில் ஒன்று, 1970-இல் வாசனார் என்ற சிற்றூரில் தொடங்கியது, 2016-இல் ஆம்ஸ்டர்டாம் போய்விட்டது. அமெரிக்காவில் வட கரோலினாவின் தேசிய மானுடப் புல மையம் (National Humanities Center) 1978 முதல் இருக்கிறது. கேட்ட புத்தகத்தைச் சுற்றியுள்ள பல்கலைக்கழகங்களிலிருந்து வரவழைத்து உங்கள் மேசைக்கே கொடுத்துவிடுவார்கள். பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் சமூக அறிவியலுக்குத் தனிப் பள்ளியே உண்டு.

பெரும்பாலானவற்றுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு முன்பே விண்ணப்பம் மூடிவிடும். நம் ஊரில் அறிவிப்பு கண்ணில் படுவதற்குள் கடைசித் தேதி போயிருக்கும். நான் இரண்டு முறை அப்படி விட்டேன்.

2 மார்ச் 2025

தம்பியின் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. மலையில் ஓர் அறை எதற்கு? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2014 மே. என் கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் வந்தது, 21 தீவுகளும் அதற்குள் போயின, கட்டுப்பாடு இறுகியது, எனவே பெண்கள் மாதம் 12 நாள் மட்டும் பாசி எடுக்கிறார்கள். அந்த 'எனவே' எனக்குத் துளியும் உறுத்தவில்லை. கடலில் இறங்கிக் கஷ்டப்பட்டுத் திரட்டிய தகவல், அம்மா சொன்னது, சின்னம்மா சொன்னது, எல்லாம் கையில் இருந்தது.

மாலைத் தேநீருக்கு ஒன்றாக உட்காருவோம். அங்கே இமாச்சலத்தில் 'கத்தி' (Gaddi) என்ற இனத்து இடையர்களைப் பற்றி எழுதுகிற ஓர் ஆய்வாளர் இருந்தார். ஆட்டு மந்தையோடு கோடையில் மேலே ஏறி, குளிருக்கு முன் கீழே இறங்குகிறவர்கள் அவர்கள். நான் என் 12 நாள் கணக்கைச் சொன்னதும் அவர் கேட்டார்: "மேய்ச்சல் நிலம் எந்த நாளில் திறக்கும் என்பதை எங்கள் ஊர்களில் இடையர்களே கூடி முடிவு செய்வது உண்டு. உங்கள் கடலில் அந்த 12 நாளை யார் குறித்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வனத்துறை என்று வாய் வரை வந்தது. ஆனால் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை, நானாகவே எழுதிக்கொண்டது அது.

அன்று இரவே அம்மாவுக்குப் போன் போட்டேன். "எந்த ஆபீசர் வந்து நாள் குறிச்சான்? நாங்கதான் கூடிப் பேசி வெச்சோம். அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு. மத்த நாள் பாசி வளரட்டும்னு" என்றார். ஏன் இதை முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலியே" என்றார்.

ஒரே வீட்டில் இருந்த எனக்கு, 3,000 கிலோமீட்டருக்கு மேல் போன பிறகுதான் அந்தக் கேள்வி கிடைத்தது. ஊரிலிருந்து பார்க்கும்போது அந்த 12 நாள் எனக்குக் கடல் மாதிரி, காற்று மாதிரி, எப்போதும் இருக்கிற ஒன்று. ஆடு மேய்க்கிறவர்களைத் தெரிந்த ஒருவருக்குத்தான் அது யாரோ எடுத்த முடிவாகத் தெரிந்தது. நான் எழுதிய நூலின் மூன்றாவது இயல் முழுக்க அந்த ஒரு போன் பேச்சிலிருந்து வந்தது.

3 மார்ச் 2025

நேற்று எழுதியதைக் காலையில் படித்தபோது என் முதல் குறிப்பே தவறு என்று பட்டது. களப்பணி முடிந்த பிறகுதான் போக வேண்டும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். என் களப்பணி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன், முடியவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வரைவு எழுதுகிற அளவுக்குத் தகவல் இருந்தால் போங்கள், ஊரில் போனை எடுத்துப் பேச ஓர் ஆள் இருக்கட்டும். மூன்று மாதங்களுக்கும் மூன்று வேறு ஆண்டுகள் என்பது அப்போது எனக்குக் குறையாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் நடுவில் ஊர் திரும்பிக் கேட்டுச் சரிபார்க்க அதுதான் வசதியாக இருந்தது.

23 மார்ச் 2025

தொண்டியிலிருந்து ஒருவர்: "தேநீரும் அரட்டையும்தான் ஆய்வா? அதற்கா இவ்வளவு செலவு?"

ஐயா, ஆமாம், பெரும்பங்கு அதுதான். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டுக்குப் பக்கத்தில் நடத்தை அறிவியல்களுக்கான உயராய்வு மையம் ஒன்று 1954-இல் தொடங்கியது. இயற்பியல் படித்து அறிவியல் வரலாற்றுக்கு வந்த தாமஸ் கூன் 1958-59-இல் அங்கே தங்கினார். சுற்றிலும் சமூக அறிவியலாளர்கள். தங்கள் துறையின் அடிப்படைக் கேள்விகளிலேயே இவர்கள் இவ்வளவு முரண்படுகிறார்களே, இயற்பியலாளர்கள் அப்படிச் சண்டை போடுவதில்லையே, ஏன் என்று யோசித்தார். அறிவியல் புரட்சிகளைப் பற்றி 1962-இல் வந்த அவருடைய நூலின் மையக் கருத்துக்கு அந்த யோசனைதான் வழிவிட்டது. முன்னுரையில் அவரே சொல்கிறார்.

அதே மையத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நம்மவர் கதை. சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் மைசூர் பக்கத்தில் ராம்புரா என்று அவர் பெயரிட்ட ஊரில் 1948-இல் தங்கிக் களப்பணி செய்தார். அந்தக் குறிப்புகளை 18 ஆண்டுகள் வகைப்படுத்திச் சீர்செய்து, எழுதி முடிப்பதற்காக அந்த மையத்துக்கு எடுத்துப் போனார். 1970 ஏப்ரலில் யாரோ வைத்த தீயில் அவருடைய அறை எரிந்தது. சீர்செய்த குறிப்புகளின் மூன்று படிகளும் அந்த ஒரே அறையில் இருந்தன. மூன்றும் போயின. பிறகு நினைவிலிருந்தே அந்த ஊரை எழுதினார். 1976-இல் நூலாக வந்தது. இந்தியக் கிராமத்தைப் பற்றிப் படிக்கிற யாரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தீ மட்டும்தானா? எங்கள் தீவில் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதைக் கேட்டு வளர்ந்தவள் நான். பத்திரம், ரேஷன் கார்டு, கல்யாணப் படம் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் கட்டி உயரத்தில் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தம்பி, உங்கள் ஒலிப்பதிவுகளை மூன்று இடத்தில் வையுங்கள். மூன்றும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

7 ஏப்ரல் 2025

நேற்று பாம்பன் புதுப்பாலம் திறந்தாயிற்று. 2022 கடைசியிலிருந்து மண்டபத்தோடு நின்ற ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சிம்லாவுக்கு முதல் தடவை போனபோது அவளுக்கு நான்கு வயது.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் நிறையப் பேர் இதைத்தான் தனியாகக் கேட்கிறார்கள். குழந்தையை என்ன செய்தாய்?

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் அப்போது 45 நாள், ஏப்ரல் 15-இலிருந்து. 2017-இலிருந்துதான் 61 நாள் ஆனது. அந்த நாட்களில் அவர் கரையில் இருப்பார், அம்மாவும் பாசிக்குப் போகமாட்டார். கல்லூரிக்கும் விடுமுறை. மூன்றும் ஒன்றாக விழுந்ததால்தான் நான் போக முடிந்தது. மே மாதம் என்று நான் கேட்டதற்குக் காரணம் மலையின் குளிர்ச்சி என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு மாதத்துக்கு இது சரி. ஓர் ஆண்டுக்கு? 2018-இல் வெளிநாட்டில் ஒன்பது மாத நல்கை ஒன்று எனக்குக் கிடைத்தது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் தடையில்லாச் சான்று கேட்டேன். ஊதியமில்லா விடுப்புதான் கேட்டேன், சம்பளம் கேட்கவில்லை. மேசை மேசையாக அந்தக் காகிதம் போய்க்கொண்டிருந்தது. கையெழுத்தாகி வந்தபோது அங்கே சேர வேண்டிய நாள் முடிந்து 12 நாள் ஆகியிருந்தது. அவர்கள் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. டெல்லிக்காரர்களுக்கான ஏற்பாடு என்று தம்பி சொன்னாரே, அந்தப் பாதி உண்மை எனக்கு அங்கேதான் பட்டது. தேர்வுக்குழு என்னைத் தேர்ந்தெடுத்தது. போகத்தான் முடியவில்லை. விடுப்பும் சம்பளமும் உறுதியாக உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் இந்த ஏற்பாடு முழுவதும் இருக்கிறது. சுயநிதிப் பிரிவில் இருக்கிறவர் ஓர் ஆண்டு போனால் திரும்பி வரும்போது நாற்காலி இருக்காது.

தம்பி, விண்ணப்பம் அனுப்புகிற நாளிலேயே விடுப்புக்கும் எழுதிக் கொடுங்கள். கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

20 ஏப்ரல் 2025

விண்ணப்பத்தோடு வைக்கிற ஆய்வு முன்வரைவை எப்படி எழுதுவது என்று ஐந்தாறு பேர் கேட்டுவிட்டீர்கள். என் முதல் முன்வரைவின் தலைப்பு: 'ராமநாதபுரக் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வியல் – ஓர் ஆய்வு.' நிராகரித்துவிட்டார்கள். நம் பல்கலைக்கழகங்களில் இந்த 'ஓர் ஆய்வு' இல்லாமல் தலைப்பே கிடையாது. அதில் கேள்வி இல்லை. இப்படி ஆட்கள் இருக்கிறார்கள், நான் விவரிக்கப் போகிறேன் என்றுதான் அது சொல்கிறது. இந்தக் கடலைப் பார்த்தே இராத ஒருவர், பல நூறு விண்ணப்பங்களுக்கு நடுவே, அதை ஏன் நின்று படிக்க வேண்டும்?

அடுத்த முறை இப்படித் தொடங்கினேன்: "பாக் நீரிணையை எங்கள் ஊரில் பெண்கடல் என்போம், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்போம். பாசிக்காகப் பெண்கள் இறங்குவது ஆண்கடலில். அங்கே இறங்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதை அவர்கள் எதைக் காட்டி நிறுவுகிறார்கள்?" நேர்காணலில் முதல் கேள்வியே அந்த இரண்டு பெயர்களைப் பற்றித்தான் வந்தது.

நமக்குப் பழகிப்போனதை விட்டுவிட்டு, அவர்கள் படித்த கோட்பாட்டு நூல்களின் பெயரால் முதல் பக்கத்தை நிரப்பாதீர்கள். அவற்றுக்கு மூன்றாம் பக்கத்தில் இடம் இருக்கிறது.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருக்கிறவரைத் தேடி ஓட வேண்டாம். உங்கள் இயல்களை வரி வரியாகப் படித்தவர் எழுதட்டும், அவருக்கு ஒரு மாத அவகாசமும் முன்வரைவும் கொடுங்கள்.

21 ஏப்ரல் 2025

ஆங்கிலம். ஆமாம், விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான். நான் முதலில் தமிழில் எழுதினேன், பிறகு மொழிபெயர்த்தேன், பிறகு தோழி ஒருத்தி திருத்தினாள். பேச்சில் இன்றும் தடுக்கும். அங்கே பேசிய நாளில் 'கச்சான்' என்ற சொல்லுக்கு ஈடு கிடைக்காமல் அப்படியே சொல்லிவிட்டு, மேல்காற்று அடித்தால் எந்தக் கரை கலங்கும், எது தெளிந்திருக்கும் என்று கையைக் காட்டி விளக்கினேன். அதற்குத்தான் அதிகக் கேள்விகள் வந்தன. அன்றோடு எனக்குப் பயம் விட்டது.

18 மே 2025

தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். தடைக்காலம், எல்லோரும் வீட்டில். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு வைத்தேன். சிம்லாவுக்கும் இதைத்தான் ஒரு டப்பா கொண்டு போவேன்.

அவருடைய வரைவு சங்கைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஜேம்ஸ் ஹார்னெல், சென்னை மாகாணத்தின் முத்து, சங்கு மீன்பிடிப்புக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர், 1914-இல் எழுதியதை முழுக்கப் படித்திருக்கிறார். இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாக அறுபட்ட கதையெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் குளிக்கிறவர் நான்காம் பக்கத்தில்தான் வருகிறார். அரசு எண்ணியது, வியாபாரி விலை வைத்தது என்று மூன்று பக்கம் போகிறது. அந்த ஆவணங்கள் எழும்பூரில் இருக்கின்றன, எந்த ஆய்வாளரும் போய்ப் பார்க்கலாம். பெரியபட்டினத்தில் ஒரு பெரியவர் தம்பியிடம் பேசியது வேறு யாரிடமும் இல்லை.

நல்ல சங்கு எது, கழிவு எது என்று கரையில் பிரிக்கும்போது யார் பேச்சு செல்லும்? இதைக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். வரைவில் அது ஒரு வரிகூட இல்லை. அதையே முதல் பத்தியாக்கச் சொல்லியிருக்கிறேன்.

1 ஜூன் 2025

இது நடுவில் தோன்றியது. 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில்தான் வளர்ந்தது, அதன் மையம் இன்றும் அங்கே இருக்கிறது. பவளப்பாறையை ஆராய வருகிறவர் மண்டபத்தில் தங்குகிறார். அழகன்குளத்து அகழாய்வில் ரோமானிய நாணயம் கிடைத்த கரை இது, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் வீடுகளில் கிடக்கிற கரை. மலையேற்றுக்காகத் தோட்டத் தொழிலாளர்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய மண்டபம் முகாமும் இங்கேதான். வரலாற்றுக்காரரும் சமூகவியலாளரும் ஆறு மாதம் தங்கி எழுத இந்தக் கரையில் ஓர் அறையாவது வேண்டும். பத்து அறை, ஒரு பொதுச் சமையலறை, மாலையில் எல்லோரும் உட்கார ஒரு திண்ணை. கத்தி இடையர்களை எழுதுகிறவர் இங்கே வந்து தங்கி, எங்கள் அம்மா அவரிடம் நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

2 ஜூன் 2025

'மலையேற்றுக்காக' என்று நேற்று எழுதிவிட்டேன். இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு என்று படியுங்கள். நோய்த்தடுப்புக்காக முகாமில் நிறுத்திவைத்துப் பிறகு அனுப்பினார்கள்.

16 ஜூன் 2025

தடை முடிந்தது. வீட்டுக்காரர் நேற்றுக் கடலுக்குப் போய்விட்டார்.

தம்பி, உன் இரண்டாம் வரைவு வந்தது. (வீட்டில் வந்து சாப்பிட்ட பிறகு இனி 'நீங்கள்' வராது.) முதல் பத்தி இப்போது நிற்கிறது. கரையில் சங்கு பிரிக்கிற இடத்தில் தொடங்கி மூன்றாம் வரியில் கேள்விக்கு வந்துவிடுகிறாய். விடுப்புக் கடிதமும் கூடவே கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய், நல்லது, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள். காலவரிசை அட்டவணையில் மட்டும் ஒரு மாற்றம்: தங்கும் ஆண்டின் நடுவில் மூன்று வாரம் ஊர் திரும்புவதாகப் போடு, செலவையும் காட்டு.

இரவு அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் மூச்சடக்குறாங்கன்னு எழுதலியே" என்றார். பார்த்தேன், ஆமாம், எங்கேயும் இல்லை. பெரியபட்டினத்துப் பெரியவரைக் கேட்டுச் சேர்த்து அனுப்பு.